மூன்று மில்லிமீட்டர்

சிறிய பாய்மரப் படகுகளின் பக்கச் சுவரில் இருக்கும் ஜன்னல்கள் பெரும்பாலும் திறக்க முடியாதவை. காற்றுக்கு மேலே ஒரு மூடி இருக்கும். இவை வெளிச்சத்துக்கு மட்டும். கீல் கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. கேபின் சுவரில் ஓர் ஓட்டை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பலகை, நடுவில் கொஞ்சம் பசை. இவ்வளவு எளிய ஒன்று ஏன் திரும்பத் திரும்ப ஒழுகுகிறது என்ற கேள்வி சென்ற குளிர்காலம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது.

எங்கள் படகு 1970களில் கட்டிய 26 அடி ஃபைபர்கிளாஸ் படகு. இங்கிலாந்தின் தென்கரையில், ஹாம்பிள் ஆற்றில் நிற்கிறது. பழைய கார் வாங்கும் காசுக்கு நானும் கணவரும் வாங்கினோம். இடப்பக்க ஜன்னல் முழுக்கச் சிலந்தி வலைபோல் விரிசல். மழை பெய்தால் கீழ் ஓரத்தில் சொட்டும். அதற்கு நேர் கீழேதான் எங்கள் ஆறு வயது மகளின் படுக்கை.

சொட்டுவது தொல்லை, அவ்வளவுதான். பயம் அலையைப் பற்றியது. ஜன்னலின் அளவு 70க்கு 25 சென்டிமீட்டர். படகு சாய்ந்து, அதன்மேல் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 175 கிலோ எடை அழுத்தும். அலை ஓங்கி அடித்தால் இன்னும் அதிகம். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் போட்டிக்குக் கிளம்பிய 303 படகுகள் புயலில் மாட்டி, 15 போட்டியாளர்கள் இறந்துபோனார்கள். அந்தப் போட்டி கிளம்பிய கௌஸ் துறை எங்கள் ஆற்று முகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அந்த மாதிரி கடலுக்கு நாங்கள் போகப்போவதில்லை. ஆனால் காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போகும் நேரங்களில் சோலன்ட் நீரிணையிலும் அலை செங்குத்தாக எழும். "ஜன்னல் மாத்துற வரைக்கும் பாப்பாவ கூட்டிட்டுப் போகவேண்டாம்" என்றார் கணவர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

பழைய பலகையைக் கழற்றும்போதே காரணம் தெரிந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, ஒழுகலை நிறுத்துவதற்காகச் சுற்றிலும் இருபது ஸ்க்ரூ போட்டு, கை வலிக்கும் வரை இறுக்கியிருக்கிறார். கூம்புத் தலை ஸ்க்ரூ வேறு. ஆப்பு மாதிரி ஓட்டையைப் பிளக்கும். பெரிய விரிசல்கள் எல்லாம் ஓட்டைகளில்தான் தொடங்கியிருந்தன.

கணக்கு இதுதான். ஒரு மீட்டர் அக்ரிலிக், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். ஃபைபர்கிளாஸ் அதில் பாதிகூட நீளாது. குளிர்கால இரவுக்கும் கோடை வெயிலில் காயும் ஜன்னலுக்கும் 45 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், பலகைக்கும் சுவருக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர் பிணக்கு. ஸ்க்ரூ அதற்கு இடம் கொடுக்காது. பலகை வருடக்கணக்கில் முட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் விரிகிறது.

அப்பாவுக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பினேன். கரூர் பஸ் பாடி பட்டறைகளில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். உடனே கூப்பிட்டார்.

"அம்மிணி, இத யாரு இப்படி முறுக்கி வெச்சது?"

"பழைய ஓனருங்கப்பா."

"பஸ்ஸு பள்ளத்துல எறங்குனா பாடி முறுக்கும். கண்ணாடிய ரப்பர்ல உக்கார வெக்கறதே அதுக்குத்தான். கண்ணாடி மெதக்கோணும். இறுக்கிப் புடிச்சா ஒடஞ்சுரும்."

நான் படித்த கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொன்னதும் இதைத்தான்.

வேலையில் பெரும்பகுதி சுரண்டல். பழைய சிலிகோன்மேல் எதுவும் ஒட்டாது, புதிய சிலிகோன்கூட. இரண்டு வார இறுதிகள் அதற்கே போயின. சுவரின் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே இருந்த ஒட்டுப்பலகை ஒரு மூலையில் ஊறி மக்கியிருந்தது. அதைத் தோண்டி எடுத்து, உலரவிட்டு, எபாக்ஸி நிரப்பினேன். மென்பொருளில் ஏதாவது உடைந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். இங்கே ஓட்டை திறந்தே கிடக்கும், மேலே மழைக்குத் தார்ப்பாய்தான்.

புதிய பலகை எட்டு மில்லிமீட்டர், வார்த்தெடுத்த அக்ரிலிக். உருளையில் பிதுக்கி எடுக்கும் வகையைவிட இது எளிதில் விரிசல் விடாது. அசிட்டோன், தின்னர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஓட்டையைவிடப் பலகை எல்லாப் பக்கமும் பெரியது. வெளியிலிருந்து உட்காருவதால் அலை அதைச் சுவரோடு சேர்த்துத்தான் அழுத்தும்.

இந்த அக்ரிலிக்குக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் போர்விமானங்களின் விமானி அறை மூடி இதில்தான் செய்தார்கள். அது சிதறி விமானிகளின் கண்ணுக்குள் போன துண்டுகள் அங்கேயே பெரிய தொந்தரவில்லாமல் கிடந்ததை ஹரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், கண்ணுக்குள் வைக்கும் முதல் லென்ஸை அதே பொருளில் செய்து பொருத்தினார். மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப், அந்த லென்ஸை ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவந்தது. 1990களின் கடைசியில் என் அப்பத்தாவுக்குப் புரை எடுத்து வைத்ததும் அக்ரிலிக் லென்ஸ்தான். அந்த லென்ஸின் இரண்டு பக்கமும் மெல்லிய வளைந்த கம்பிகள் இருக்கும். அவை ஸ்பிரிங் மாதிரி லேசாக அழுத்தி, லென்ஸை அதன் இடத்தில் நிறுத்துகின்றன. கண்ணுக்குள்ளும் ஸ்க்ரூ இல்லை.

எங்கள் ஜன்னலுக்கும் ஸ்க்ரூ போடவில்லை. உள் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள இரட்டைப் பக்க நுரை டேப். அது பலகையைப் பிடித்துக்கொள்ளும், பசைக்கான இடைவெளியையும் காக்கும். வெளியே மீதி இடம் முழுக்க, உயரக் கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களுக்குப் போடும் வகைக் கறுப்புச் சிலிகோன். ஒளி ஊடுருவும் பலகை என்பதால் வெயில் பசைவரை போகும். பாலியூரித்தேன் பசை அதில் நாளடைவில் கெட்டுவிடும், சிலிகோன் தாங்கும். பசையைப் பிதுக்கித் தள்ளும் அளவுக்கு அழுத்தாமல், மூன்று மில்லிமீட்டரை அப்படியே விட வேண்டும். கை என்னவோ அழுத்தவே துடிக்கிறது. ஒழுகும் இடத்தை இன்னும் இறுக்கத்தான் தோன்றும். அந்த முந்தைய உரிமையாளருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இரண்டு வாரம் காயவிட்டு, அரைமணி நேரம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்தோம். உள்ளே கீழ் ஓரம் முழுக்க டிஷ்யூ பேப்பர் ஒட்டியிருந்தேன். நனையவில்லை. ஏப்ரலில் மகளோடு வைட் தீவின் யார்மத் துறைக்குப் போனோம். வழியில் ஓர் அலை ஜன்னலை முழுக்க மூடிப் போனது. "அம்மா, பச்சையா இருக்கு!" என்று கத்தினாள், பயத்தில் இல்லை.

ஜூலையில் ஒரு மதியம், பலகை தொட முடியாத சூட்டில் இருந்தபோது, கறுப்பு ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கியது, திரும்பி எழுந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.