சிவகாசியில் பிரஸ் என்றால்...

சிவகாசியில் 'பிரஸ்' என்றால் அச்சகம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'பிரெஸிங்' என்று ஒரு கடையில் போர்டு தொங்கினால் உள்ளே துணி வெளுத்து இஸ்திரி போடுகிறார்கள் என்று அர்த்தம். கால்பந்திலும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். எதிரணி பந்தை வைத்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்கி நிற்காமல், அவர்கள் பாதிக்கே போய் நெருக்குவது. இந்த மூன்றாவது அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேரனுக்கு நான் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

2020 ஜனவரி. ஓய்வு பெற்று இங்கே மகள் வீட்டோடு வந்துவிட்டேன். பேரன் அப்போது ஒன்பதாம் வகுப்பு, பள்ளி அணியில் ஓரத்தில் ஆடுகிறவன். மதுரைப் பக்கத்து அணி ஒன்றுடன் ஆட்டம். "தாத்தா, அவங்க சின்னச் சின்னப் பாஸா போட்டு பந்தையே தரமாட்டாங்க. என்ன செய்ய?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "பந்து எங்கே இருக்கோ அங்கே ஓடு. மூச்சுவிட விடாதே" என்றேன்.

ஓடினான். இவன் ஒருவனிடம் போய்ச் சேரும்போது பந்து அடுத்தவனிடம் இருக்கும். அவனிடம் போனால் மறுபடி முதல்வனிடம். இவன் விட்டு வந்த இடம் காலியாகக் கிடக்கும், அந்த வழியாகவே அவர்கள் புகுந்தார்கள். இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். 0-5. கூட ஆடிய பையன்கள் அவனைத்தான் திட்டினார்களாம். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. தாத்தா சொன்னதைத்தான் செய்தேன் என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிப்ரவரி 29ஆம் தேதி ஐ.எஸ்.எல். அரையிறுதியின் முதல் ஆட்டம், சென்னை நேரு ஸ்டேடியத்தில். சென்னையின் அணிக்கு எதிரே கோவா. அந்த சீசனில் லீக் சுற்றில் 18 ஆட்டங்களில் 39 புள்ளிகள், 46 கோல்கள் என்று முதலிடம் பிடித்த அணி அது. செர்ஜியோ லொபேரா என்ற ஸ்பெயின்காரர் பயிற்சி கொடுத்து வளர்த்தது. அரையிறுதிக்கு முன்பே அவரை அனுப்பிவிட்டார்கள் என்றாலும் பந்தைக் காலிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. நம் அணியோ டிசம்பரில் அடிமட்டத்தில் கிடந்தது. ஓவன் காயல் வந்த பிறகு எழுந்து நான்காவதாக உள்ளே நுழைந்திருந்தது.

நானும் பேரனும் டிவி முன்னால். பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் வந்திருந்தார். ஆப்செட் மெஷினில் முப்பத்தைந்து வருஷம் நின்றவர். காலண்டர் சீசன் முடிந்த ஓய்வு அவருக்கு. கால்பந்து விதிகள் பாதி தெரியாது, ஆனால் கண் கூர்மை.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் நான்கு போட்டார்கள். கோயன், தாப்பா, எலி சாபியா, சாங்டே. கோவாவுக்கு ஒன்றே ஒன்று. இடையில் அண்ணாச்சி சொன்னார்: "சார், இது நாலு கலர் வேலை மாதிரில்லா இருக்கு. கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் நாலும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காரணும். ஒரு கலர் ஒரு நூல் விலகினாலும் சாமி படத்துக்கு ரெண்டு மூக்கு வந்துரும். ஒருத்தன் மட்டும் ஓடி என்ன பிரயோசனம்?"

பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் சொல்லாமல் விட்டது அதுதான். பந்தைத் துரத்துவது நெருக்குதல் ஆகாது. முன்னால் நிற்பவன் நேராக ஓடாமல் சற்று வளைந்து ஓடி, பந்து திரும்பிப் போகும் வழியை உடம்பாலேயே அடைக்க வேண்டும். அதே விநாடி அவன் பின்னால் இருப்பவன் அடுத்த பாஸ் வாங்கப் போகிறவனை ஒட்டி நிற்க வேண்டும். தடுப்பாட்டக்காரர்களும் மேலே ஏறி வர வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் பெரிய மைதானமே திறந்துவிடும். கிளம்புவதற்கும் நேரம் உண்டு. பந்து கோல்கீப்பருக்குத் திரும்பும்போது, ஒருவன் பந்தைச் சரியாக அடக்காமல் தட்டிவிடும்போது, அல்லது ஓரக்கோட்டருகே நம் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கும்போது. அங்கே கோடே நமக்கு ஒரு ஆள். மற்ற நேரம் இடத்தைக் காத்து நிற்பதுதான் உத்தமம்.

நெருக்கித்தான் ஜெயிக்க வேண்டும் என்றும் இல்லை. 2018 உலகக் கோப்பை இறுதியில் என் பிரான்ஸ் (பழைய பாசம், பொறுத்துக்கொள்ளுங்கள்) பந்தைப் பெரும்பாலும் குரோஷியாவிடம் விட்டுவிட்டு 4-2 என்று ஜெயித்தது.

அன்றிரவு பேரனிடம், "அன்னைக்குத் தப்பு உன் மேல இல்லப்பா, நான் அரைகுறையாச் சொல்லிட்டேன்" என்றேன். "தெரியும் தாத்தா" என்றான். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 7ஆம் தேதி கோவாவில் இரண்டாம் ஆட்டம். முன்கணக்கு 4-1 இருந்தும் பயத்தோடேதான் பார்த்தோம். 2-4 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பித்தார்கள். கடைசியில் நம் ஆட்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தொண்ணூறு நிமிஷமும் நெருக்க எந்தக் காலாலும் முடியாது. பதினைந்து நிமிஷம் நெருக்கிவிட்டுச் சற்றுப் பின்வாங்கி மூச்சு வாங்கத் தெரிய வேண்டும். 14ஆம் தேதி இறுதி ஆட்டம், கொரோனாவால் பார்வையாளரே இல்லாத ஃபடோர்டா மைதானத்தில். ஏ.டி.கே.யிடம் 1-3 என்று போயிற்று.

மதுரைப் பக்கத்து அணியோடு மறு ஆட்டம் மார்ச் கடைசியில் இருந்தது. இரண்டு வாரம் பையன்கள் சாயங்காலம் அதைத்தான் பழகினார்கள். அண்ணாச்சி கூட இரண்டு நாள் மைதானத்துக்கு வந்து "விலகுது, விலகுது" என்று கத்தினார். பிறகு ஊரடங்கு. அந்த ஆட்டம் நடக்கவே இல்லை.

இப்போது பேரன் கல்லூரி விடுதியில். போன வாரம் போன் பண்ணினான். பந்தை விடாத ஒரு அணியோடு ஆடினார்களாம். "கீப்பருக்குப் பாஸ் போனதும்தான் கிளம்பினோம் தாத்தா. 1-1."

அண்ணாச்சியிடம் சொன்னேன். "பின்னாடி நின்ன பயலுக ஏறி வந்தானுகளா?" என்று கேட்டார். அதை நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கேட்க வேண்டும்.