டபுள் சாக் சைக்கிளும் ஏலகிரி மலையும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டதும், "இளைஞனே எழுந்திரு" மாதிரி ஒரு கவிதை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். நல்லவேளை, நாலு வரிக்கு மேல் வரவில்லை. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தையே எழுதுகிறேன். நம் சைக்கிள் ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில், சிவப்பும் கறுப்புமாய், நடுவில் மஞ்சள் ஸ்பிரிங் வைத்து ஒரு வண்டி நிற்குமே... அதன் கதைதான் இது.

எனக்கு ஊர் திருப்புட்குழி. பாலுசெட்டி சத்திரத்தில் இறங்கி உள்ளே வர வேண்டும். அப்பா பட்டுத்தறி நெய்கிறார். அம்மா தார் சுற்றுகிறாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பத்து முடித்த கையோடு டிப்ளமோவுக்கு வந்துவிட்டதால், பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிள் எனக்குக் கிடைக்கவில்லை. சொந்தமாகத்தான் வாங்க வேண்டும்.

கேரியர் வைத்த கறுப்பு வண்டி வாங்கலாம் என்றார் அப்பா. "பாவு எடுத்துக்கினு வரவும் ஆவும்டா." நான் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த டபுள் சாக்தான் வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. (இரண்டாம் நாள் ராத்திரி அம்மா கொடுத்த தோசை கணக்கில் வராது.) "மலை மேலகூட ஏறும் தம்பி" என்றார் கடைக்காரர். ஒரு சேலைக் கூலி முழுசாகவும், மீதிக்குச் சீட்டுப் பணமும் போயிற்று. வண்டி வீட்டுக்கு வந்ததும் அப்பா இருக்கையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார்.

"இன்னாடா இது, ஆடிக்கினே கீது?"

"அதான்பா சாக். பள்ளம் மேடு தெரியாது."

பள்ளம் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் பள்ளமே இல்லாத நெடுஞ்சாலையிலும் வண்டி ஆடியது! தினமும் ஒரு பக்கம் முக்கால் மணி நேரம் மிதிக்கிறேன். ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி எழுந்தது. எதிர்காற்றில் எழுந்து நின்று மிதித்தால், ஏதோ குட்டையில் தவளை போவது மாதிரி இருக்கும். கியரும் கிடையாது. வகுப்புக்கு வந்து சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். வாங்கித் தரச் சொன்னவன் நான் என்பதால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்கு நடுவில், கடைக்காரர் சொன்ன அந்த மலையைப் பார்த்துவிட ஒரு சந்தர்ப்பம் வந்தது. என் வகுப்புத் தோழனின் மாமா ஏலகிரியில் ஒரு தங்கும் விடுதியைப் பார்த்துக்கொள்கிறார். செமஸ்டர் லீவில் இரண்டு பேரும் சைக்கிளோடு ஒரு லோடு வண்டியில் ஏறி, அடிவாரத்தில் பொன்னேரியில் இறங்கிக்கொண்டோம். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்களை நிதானமாகப் படிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஏனென்றால் இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். தோழன் கொண்டுவந்தது அவன் அக்காவுக்கு அரசு கொடுத்த சைக்கிள். அதில் அவன் ஐந்தாவது வளைவு வரை மிதித்தே போனான். முன்னால் கூடை வேறு!

ஏன் இப்படி? தள்ளிக்கொண்டு போகும்போது யோசித்தேன். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடுகிறது. ஸ்பிரிங் திரும்ப விரியும்போது அந்தப் பலம் சக்கரத்துக்குப் போவதில்லை, என்னைத்தான் மேலே தூக்குகிறது. மோட்டார் சைக்கிள் சாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கோடு டேம்பரும் இருக்கிறது. அதற்குள் எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக நெருங்கிப் போகும்போது குதிப்பெல்லாம் சூடாக மாறி அடங்கிவிடும். என் வண்டியில் எண்ணெயும் இல்லை, துளையும் இல்லை. வெறும் ஸ்பிரிங்! முதலாண்டிலிருந்து படித்தும், இதைத் தள்ளும்போதுதான் புரிந்துகொண்டேன்.

விடுதியில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு அண்ணன் தங்கியிருந்தார். அவர் கொண்டுவந்திருந்தது நிஜமான ஃபுல் சஸ்பென்ஷன் மலை சைக்கிள். விலையைக் கேட்டதும் தோழன் தொட்ட கையை எடுத்துவிட்டான். இரண்டு லட்சத்துக்கும் மேலே! நாங்கள் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து, "ஓட்டிப் பாரு தம்பி" என்றார். நான் ஏறப் போனதும் நிறுத்தி, "எவ்வளவு வெயிட் இருப்ப?" என்று கேட்டார்.

நாற்பத்தெட்டு கிலோ.

பின் சாக்கில் ஸ்பிரிங்கே இல்லை, காற்றுதான் ஸ்பிரிங். ஒரு குட்டிப் பம்ப்பை மாட்டி என் எடைக்குத் தகுந்தபடி காற்றைக் குறைத்தார். சாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. நான் உட்கார்ந்து இறங்கியதும் அது எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தார். மொத்த அசைவில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை, உட்கார்ந்த உடனே அமுங்கியிருக்க வேண்டுமாம். இதற்கு சேக் என்று பெயர். (சாக் வேறு, சேக் வேறு!) அப்படி அமுங்கியிருந்தால்தான், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கி மண்ணைத் தொட முடியும். மேட்டுக்கு மட்டும்தான் ஸ்பிரிங் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு சைக்கிள் என் எடையைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மங்கலம் கிராமத்தைத் தாண்டி, சுவாமிமலை அடிவாரப் பக்கம் ஒரு மண்பாதை. வேர், உருட்டுக்கல், மழை அரித்த வாய்க்கால். ஏற்றத்தில் பின்சக்கரம் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. கல்மேல் ஏறி இறங்கினாலும் டயர் மண்ணை விடவே இல்லை. உட்கார்ந்து மிதித்தால் ஆட்டம் மிகக் குறைவு. காரணம், பின்பக்கம் ஒரே கீலில் தொங்கவில்லை. நாலைந்து இடத்தில் பேரிங் வைத்துப் பூட்டியிருக்கிறது, செயின் இழுக்கும்போது அமுங்காதபடி கணக்குப் பார்த்து.

அப்போது எங்கள் ஊர்க் கோயில் நினைவு வந்தது. விஜயராகவப் பெருமாளுக்கு ஒரு குதிரை வாகனம் உண்டு, கீல் குதிரை என்பார்கள். உறுப்புகளைத் தனித்தனியே செய்து கீல் வைத்துப் பூட்டியது. தூக்கி வரும்போது நிஜக் குதிரை மாதிரியே அசையும். இன்னொன்று இதுபோல் செய்ய மாட்டேன் என்று அந்தச் சிற்பி சொல்லிவிட்டாராம், ஊரில் சொல்வார்கள். சின்ன வயதில் குதிரையை மட்டும் பார்த்தேன். இனிமேல் கீலைப் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில்தான் உண்மையான சோதனை. பிரேக்குக்கு ஒரு விரல் போதும். கற்களின் அதிர்ச்சி கைக்கு வருவதற்குள் பாதி செத்துவிடுகிறது. ஆனால் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். அதிர்ச்சி தெரியாததால் வேகமும் தெரியவில்லை. திருப்பத்தில் பிரேக் பிடித்தபோதுதான் எவ்வளவு வேகத்தில் வந்திருக்கிறேன் என்று வயிறு சொன்னது. தார்ச்சாலைக்கு வந்ததும் அந்த முள் டயர் உறுமியது, இழுத்தது. நம் நெடுஞ்சாலைக்கு அது ஆகாது. இரண்டு லட்சம் கையில் இருந்தாலும் ஆகாது.

1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டாமல்பாய்ஸ் மலைப்பக்கம் ஒரு இறக்கத்தில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் விட ஆரம்பித்தார்களாம். அந்த அண்ணன்தான் சொன்னார். பிரேக் பின்சக்கர ஹப்புக்கு உள்ளேயே இருக்கும். கீழே வருவதற்குள் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், ஒவ்வொரு தடவையும் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. ஸ்பிரிங்கே இல்லாத வண்டிகள்! 1996 அட்லாண்டாவில் மலை சைக்கிள் ஒலிம்பிக்குக்கே போய்விட்டது.

மறுநாள் என் வண்டியில் இறங்கினேன். முந்தைய நாள் தைரியம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடிவாரத்துக்கு நாலு வளைவு இருக்கும்போது பின்பக்கக் கீலின் போல்ட் நட்டை உதிர்த்துவிட்டது. சக்கரம் சாய்ந்து சட்டத்தில் உரச, நான் ஓரத்து வாய்க்காலில். இரண்டு முழங்கையும் தோல் உரிந்தது. மீதி வழி முழுக்கத் தள்ளல்தான், அதுவும் இறக்கத்தில்.

வீட்டில் அப்பாவிடம் முழங்கையை மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இரண்டு நாள் பட்டினியையும் சேர்த்து. தறிக்குழிக்குள் கால் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "இப்ப அத்த என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டார்.

நம் ஒர்க்ஷாப்பில் அனுமதி வாங்கி, எம்.எஸ். கம்பியில் ஒரு துண்டு வெட்டினேன். இரண்டு முனையும் தட்டையாக்கி, துளைக்குத் துளை 150 மில்லிமீட்டர் அளந்து துளையிட்டேன். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டி, கீலுக்குப் புது புஷ்ஷும் லாக் நட்டும் போட்டேன். கம்பிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டேன். நீங்கள் ஸ்டாண்டில் பார்ப்பது ஸ்பிரிங் அல்ல, தோழர்களே! கிட்டப் போய்ப் பாருங்கள். பின்னால் ஒரு கேரியரும் இருக்கும்.

அப்பா இருக்கையை அமுக்கிப் பார்த்தார்.

"ஆடலியேடா?"

"இனிமே ஆடாதுப்பா."

"ஞாயித்துக்கெழம உனக்கு வண்டி வேணாம் இல்ல? பாவு எடுத்துக்கினு வரணும்."