சீதன உறுதியில் கிடைத்த பூட்டி

கனடாவில் இருக்கும் என் மச்சாள் எங்கள் குடும்ப வரலாற்றைத் தொகுத்து வருகிறாள். ஊரில் இருப்பவள் என்பதால் அதற்குக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதுவரை ஏழு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆதாரம் தேடுவதுதான் பெரும்பாடு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனத்தோடு நாங்களும் நாவற்குழிப் பக்கம் வெளிக்கிட்டபோது கையில் இருந்தது ஓர் உரப்பை. அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் அதற்குள் இருந்தன. படங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. சான்றிதழ் தொலைந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். படத்துக்கு எங்கே போவது?

முதலில் கைகொடுத்தது கல்வெட்டு. ஒருவர் இறந்து 31ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலரை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்லுவோம். தேவாரத்தோடு வாழ்க்கைக் குறிப்பும் பல மலர்களில் வம்சாவளியும் இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலும் இத்தகைய மலர்கள் சேர்க்கப்பட்டுள்ளன. எங்கள் பூட்டனாரின் கல்வெட்டு சின்னம்மா வீட்டுப் பெட்டகத்தில் கிடைத்தது. அவருடைய தகப்பன், பேரன், அவர் படிப்பித்த பாடசாலை எல்லாம் அதில் உண்டு. ஒன்பது பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பூட்டியோ 'அன்னாரின் பாரியார்' என்பதோடு சரி.

அவரின் பெயரைக் கண்டது உரப்பையில் வந்த பழைய சீதன உறுதி ஒன்றில். தேசவழமைப்படி சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. அதனால் நொத்தாரிசு அவளுடைய பெயரை எழுதாமல் விட முடியாது. அந்தக் காணி தாய்க்கு எப்படி வந்தது என்பதும் அதிலேயே இருந்தது. மூன்று பரப்புக் காணியால் இரண்டு தலைமுறைப் பெண்களின் பெயர் தப்பியது. சீதனத்தை நான் ஆதரிப்பவள் அல்ல. ஆனாலும் உங்கள் வீட்டில் பழைய உறுதி இருந்தால் ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

ஏழாவது கட்டுரை தம்பியைப் பற்றியது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மச்சாள் அனுப்பிய படிவத்தில் பிறப்பு, இறப்பு என்று இரண்டு கட்டங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று அம்மாவிடம் பலர் சொன்னார்கள். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பின், இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. அம்மா இரண்டுக்கும் கையெழுத்து வைக்கவில்லை.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'நன்றாகப் பாடினான்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"பாடுவான் எண்டு எழுது பிள்ளை."

மாற்றி எழுதினேன். இறப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். மச்சாளும் ஒன்றும் கேட்கவில்லை.