அளவுகோல் சொல்லாத செய்தி

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு மாதிரி விமானப் பெட்டி வாங்கித் தரும் பெற்றோர் உளர். அதன் தரத்தை எவ்வாறு அறிவது?

1941இல் மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க நிறுத்தப்பட்ட 'பஃபலோ' போர் விமானத்தின் 1:72 மாதிரி ஒன்றை அண்மையில் ஆராய்ந்தேன். உண்மை விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை 10.67 மீட்டர். 72ஆல் வகுத்தால் 14.8 சென்டிமீட்டர். அளந்தேன், சரியாக இருந்தது. பீப்பாய் போன்ற பருத்த உடலும் பொருந்தியது. பாகங்களைப் பசையின்றிச் சேர்த்துப் பார்த்தேன், இடைவெளி இல்லை. ஐந்தாம் ஆண்டு மாணவரே இவற்றைச் செய்யலாம். கணிதப் பயிற்சியும் ஆகும்.

ஆயினும் பெட்டியின் மேற்படம் வெற்றியை மட்டுமே காட்டியது. நடந்ததோ வேறு. மேலேறும் விரைவிலும் வளைந்து திரும்பும் திறனிலும் ஜப்பானிய விமானங்களுக்கு அது ஈடாகவில்லை. 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் தரையிறங்கிய படையிடம், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் நம் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

ஆகவே, மாதிரியைக் கட்டி முடித்த பிள்ளையை ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள்: இது எங்கே பறந்தது? பின்னர் நம் மக்களுக்கு என்ன நேர்ந்தது? அத்தாள் விமானத்தின் அருகிலேயே இருக்கட்டும்.