முன் லாக்

நவம்பர் 8, சனி

ஆனைமலைத் தோப்பில் தேங்காய் ஏற்றிக்கொண்டு வரும்போது வாய்க்கால் ஓரச் சேற்றில் ஜீப் மாட்டிக்கொண்டது. பின் டிஃபரென்ஷியல் லாக் போட்டும் நகரவில்லை. முன் லாக்கையும் போட்டேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, ஒரே மூச்சில் மேலேறியது. அந்தச் சந்தோஷத்தில் லாக்கை எடுக்காமலே வலப்பக்கம் ஒடித்தேன். டயர் இரண்டும் வலப்பக்கம் பார்க்க, வண்டி நேரே போய்த் தென்னை வட்டப்பாத்தியில் இறங்கியது. சொட்டுநீர்க் குழாய் அறுந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தடத்தைப் போய்ப் பார்த்தேன். டயர் பட்டன் எங்கும் பதியவில்லை. வழித்தெடுத்தது போல இரண்டு பள்ளம். இடப்பக்கம் மட்டும் சேறு வரப்பாகக் குவிந்திருந்தது. சக்கரங்கள் உருளவில்லை, குறுக்காகத் தேய்ந்திருக்கின்றன.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. முன்சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் அகலம். வண்டி கால் வட்டம் திரும்பினால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதுதான் டிஃபரென்ஷியலின் வேலை. லாக் போட்டால் இரண்டுக்கும் ஒரே சுற்று. டயர் மண்ணில் தேய்ந்துதான் ஆக வேண்டும். சேறு தேய விடும், ஆனால் பிடி போய்விடும், வண்டி நேரே ஓடும். தார்ரோடு லேசில் தேய விடாது. ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், முறுக்கு முழுவதும் ஆக்ஸில் மேலும் முன்சக்கர ஜாயிண்ட் மேலும் விழும். முழுக்க ஒடித்திருக்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஜாயிண்டே உடையலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் சொன்னேன்.

"ஏங்கண்ணு, டிராக்டர்ல டிஃப் லாக்கை எதுக்குக் குதிகால்ல வெச்சிருக்கறான்? காலை எடுத்தா விட்டுப்போகோணும்னுதான். அதை மிதிச்சுட்டு ஆராச்சும் ஒடிப்பாங்களா?"

டிராக்டரில் அந்த லாக் பின்சக்கரத்துக்கு. என் ஜீப்பில் திருப்ப வேண்டிய சக்கரங்களையே அல்லவா பூட்டினேன்! லாக் உள்ள தார் ஜீப்பில்கூடப் பின்னுக்கு மட்டும்தான். கூர்க்காவில் கம்பெனியிலேயே இரண்டும் வருகிறது, தனித்தனி லீவரோடு. தனித்தனியாக வைத்ததன் அருமை இப்போது புரிகிறது. பின்னது முதலில், முன்னது கடைசியில். எடுக்கும்போது முன்னது முதலில்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடி மழை, மறுபடி அதே வாய்க்கால். இந்தத் தடவை சேற்றுக்கு முன்பே வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து இரண்டு லாக்கையும் போட்டேன். நிதானமாக ஏறியது. மேலே வந்ததும் முன் லாக் லீவரை எடுத்தேன், லாக் விளக்கு அணையவில்லை. உள்ளே பல் இன்னும் முறுக்கில் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு முழம் பின்னே விட்டேன். அணைந்தது. அதன் பிறகுதான் வலப்பக்கம் ஒடித்தேன். வட்டப்பாத்தியைத் தொடாமல் திரும்பியது.