இனிப்புத் தட்டும் ஒரு தந்தையும்

டாக்டர் ஜாகிர் உசேன் அவர்கள் நம் நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவர். 1963-இல் பாரத ரத்னா, 1967-இல் குடியரசுத் தலைவர் என்று பொது அறிவுப் போட்டிக்காக நாங்கள் ஒப்புவிப்பதுண்டு. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களை அவர்பால் ஈர்த்தவை அந்தப் பதவிகள் அல்ல. இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் கட்டிக் காத்த ஒரு கல்விக்கூடமே.

அவர் 1897-இல் ஐதராபாத்தில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். 1911-இல் பிளேக் நோய் தாயையும் கொண்டுபோயிற்று. அலிகாரில் படித்துக்கொண்டிருந்தபோது, 1920-இல் காந்தியடிகள் அங்கு வந்து, அந்நிய அரசின் பணத்தில் நடக்கும் கல்லூரிகளை விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தார். ஜாகிர் உசேனும் தோழர்களும் வெளியேறினர். வெளியேறியாயிற்று, இனி எங்கே படிப்பது? அதற்கு விடையாக அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் பிறந்ததுதான் 'ஜாமியா மில்லியா இஸ்லாமியா'. 1925-இல் அது டில்லிக்கு இடம் பெயர்ந்தது.

அவர் பெர்லின் நகரில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்து வந்த காலத்தில், பணமில்லாமல் ஜாமியாவை மூடப்போகிறார்கள் என்ற செய்தி எட்டியது. தாமும் நண்பர்களும் திரும்பி வந்து உழைப்பதாகவும், அதுவரை மூடவேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். சொன்னபடியே 1926-இல் ஆபித் உசேன், முஜீப் என்னும் இரு நண்பர்களுடன் வந்து, இருபத்தொன்பதாம் வயதில் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை, இருபது ஆண்டுகள் விட்டுப் போவதில்லை என்று ஆசிரியர்கள் சிலர் அவருடன் சேர்ந்து உறுதி எடுத்தனர். இதைக் கேட்டு எங்கள் அருட்சகோதரிகள் வியக்கமாட்டார்கள். எங்கள் பெற்றோர்தாம் சற்று யோசிப்பார்கள்!

மாணவர்கள் அழுக்குக் காலணியுடன் வருவதைக் கண்டு, ஒருநாள் அவரே பாலிஷும் பிரஷும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். 1935-இல் ஓக்லாவில் ஜாமியாவுக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது அடிக்கல் நாட்டியவர் பெரிய மனிதர் எவருமல்லர். பள்ளியிலேயே மிகச் சிறிய மாணவன்தான். ஜெர்மனியிலிருந்து வந்த கெர்தா பிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணி அங்கே சிறு குழந்தைகளைத் தாய்போல் வளர்த்து, 1943-இல் அங்கேயே கண்மூடினார். கடல் கடந்து வந்து நம் குழந்தைகளுக்காக வாழ்ந்த அன்னையரை அறிந்த எங்களுக்கு இது அந்நியமான செய்தியாகத் தோன்றவில்லை.

இனி அந்த இனிப்புத் தட்டின் கதை. நீதிபோதனை வகுப்பில் சிஸ்டர் இதைச் சொன்னார்கள். ஜாமியாவின் சிறு பிள்ளைகளுக்கு ஜாகிர் உசேன் தம் கையால் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் அவருடைய சின்ன மகள் ரெஹானா நோயுற்றிருந்தாள். ஓர் ஆள் வந்து, குழந்தை இறந்துவிட்டாள் என்று காதில் சொன்னார். அவர் முகம் வெளுத்தது, கை நிற்கவில்லை. கடைசிப் பிள்ளைக்கும் கொடுத்து முடித்த பிறகே வீட்டுக்குப் போனார். பின்னர் கேட்டபோது, அத்தனை குழந்தைகளின் மகிழ்ச்சியைக் குலைக்கத் தமக்கு மனம் வரவில்லை என்றாராம்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எத்தகைய தியாகம் என்று ஒரு பாதி. "அவர் நூறு பிள்ளைகளுக்கு அப்பா, ரெஹானாவுக்கு மட்டும் இல்லையா?" என்று மறு பாதி. வீட்டில் தனியாக அழுத அந்தத் தாயை யார் நினைத்தார்கள் என்று ஒருத்தி கேட்டபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. சிஸ்டர் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. மணி அடித்தது. மதிய உணவின்போதும் வாதம் தொடர்ந்தது.

அதன் பிறகு தெரிந்துகொண்ட ஒரு செய்திதான் எங்கள் இரு கட்சியையும் அசைத்தது. ஜாகிர் உசேன் குழந்தைகளுக்குக் கதைகள் எழுதியவர். 'அப்பு கானின் ஆடு' என்ற கதையில், சாந்தினி என்னும் ஆடு கயிற்றை வெறுத்து மலைக்கு ஓடி, ஓநாயுடன் இரவெல்லாம் போரிட்டு, விடியும்போது மடிகிறது. வென்றது ஓநாய் என்று பறவைகள் சொல்ல, கிழட்டுப் பறவை ஒன்று மட்டும் சாந்தினியே வென்றாள் என்கிறது. இக்கதைகளை அவர் தம் பெயரில் வெளியிடவில்லை. ருகய்யா ரெஹானா என்று இறந்துபோன மகளின் பெயரைப் போட்டார்.

1937-இல் வார்தாவில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்கு அவரே தலைவர். கைத்தொழில் வழியே பாடம் என்ற அத்திட்டம் நம் மாநிலத்துக்கும் வந்தது. பள்ளியில் தக்ளி சுற்றிய பாட்டிமார் எங்களில் சிலருக்கு உண்டு. 1946-இல், நாடே கலவரத்தில் எரிந்த வேளையில், ஜாமியாவின் வெள்ளி விழா மேடையில் நேருவையும் ஜின்னாவையும் நம் ராஜாஜியையும் ஒன்றாக அமர்த்தி, இந்தத் தீயை அணையுங்கள் என்று மன்றாடினார். மறு ஆண்டு ஜலந்தர் ரயில் நிலையத்தில் கும்பலிடம் சிக்கிய அவர் உயிரைக் காத்தவர்கள் ஒரு சீக்கிய ராணுவ அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அதிகாரியும் ஆவர்.

பிறகு அலிகார் துணைவேந்தர், பீகார் ஆளுநர், குடியரசுத் துணைத்தலைவர், தலைவர் என்று பதவிகள் வந்தன. 1969 மே 3-ஆம் நாள், குடியரசுத் தலைவராக இருக்கும்போதே அவர் காலமானார். அவரை அடக்கம் செய்தது ஜாமியாவின் வளாகத்திலேதான்.