ஏஜென்டுக்குக் கட்டுகிற பணம் எதற்கான பணம்?

அம்பகரத்தூரில் எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் வெளிநாடு போகிறான் என்று தெரிந்தால், முதலில் வருகிற கேள்வி "எவ்வளவு கட்டின?" என்பதுதான். என்ன வேலை, எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்பதெல்லாம் அப்புறம். பணம் கட்டாமல் வேலை கிடைக்கும் என்று யாரும் நம்புவதில்லை. கட்டுகிற பணம் எதற்கு என்றும் யாரும் கேட்பதில்லை. திருநள்ளாறு கொம்யூனில் சில ஆண்டுகளாக இந்தக் குடும்பங்களோடு அலைந்துகொண்டிருக்கும் நாங்கள், அதைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறோம்.

சட்டம் சொல்வது சுருக்கம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது கொடுத்தாக வேண்டும். இந்தத் தொகையை எங்கள் தெருவில் சொன்னால் சிரிக்கிறார்கள். "அது கவர்மெண்டு ரேட்டு சார், அந்த ரேட்டுக்கு யாரு அனுப்புவா?" என்று ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

வெல்டிங் தெரிந்த ஒரு தம்பி. பத்தாம் வகுப்பில் கணக்கில் நின்றுபோனவர். வளைகுடாவில் ஹெல்பர் வேலை என்று பக்கத்து டவுனில் உள்ள ஒருவர் 1,30,000 கேட்டார். அம்மா தோட்டை அடகு வைத்து, இரண்டு குழுவில் லோன் போட்டு, முதல் தவணை 40,000 கொண்டுபோகத் தயாராக இருந்த நேரத்தில்தான் விஷயம் எங்களிடம் வந்தது. வேலை எந்தப் பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியாக வருகிறது என்று அந்த ஆளிடம் கேட்டோம். இரண்டு வாரம் இழுத்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். ஈ-மைகிரேட் தளத்தில் அந்தப் பெயர் இருந்தது. தம்பியை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம்.

அலுவலகத்தில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வேலை உண்மை, ஒப்பந்தம் உண்மை. அந்த ஆளைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "அவர் எங்க ஸ்டாஃப் இல்லைங்க, ஆள் கொண்டுவருவார், அவ்வளவுதான்" என்றார்கள். நேரடியாகவே பதிவு செய்துகொள்கிறோம், வங்கி வழியாகக் கட்டுகிறோம், ரசீது வேண்டும் என்றோம். ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தம்பியின் பெயர் வரிசையில் பின்னால் போனது. கூட இண்டர்வியூவுக்கு நின்றவர்கள் கிளம்பிப் போய், மூன்று மாதம் கழித்துத்தான் இவருக்கு விசா வந்தது. அந்த மூன்று மாதமும் தெருவில் எங்களுக்குக் கிடைத்த பேச்சு தனி. "படிச்சவங்க வந்து பையன் பொழப்பைக் கெடுத்துட்டாங்க" என்றார்கள். மெடிக்கல் செலவு தனியாக ஆனது. சேவைக் கட்டணமாக 35,400க்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. தோடு அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

அப்படியானால் மிச்சத் தொண்ணூற்று நான்காயிரத்துச் சொச்சம் எதற்கான விலை? வேலை வாங்கித் தந்ததற்கு என்றால் அந்த வேலையை 35,400க்கே நிறுவனம் செய்துவிட்டது. இந்தப் பகுதியில் வெளிநாடு போன மற்றக் குடும்பங்களைப் பாருங்கள். அங்கே மாமா இருப்பார், மச்சான் இருப்பார், கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் விசா அனுப்புவார். சொல்தா குடும்பம் என்றால் பிரான்சிலேயே சொந்தம் இருக்கும். (1881ஆம் ஆண்டு ஆணையின்படி சாதி, மத வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுப் பெயர் எடுத்துக்கொண்டவர்களில் நம் மக்களும் உண்டு. அந்தக் கதை இன்னொரு நாள்.) எங்கள் தெருவில் அப்படி ஒரு மாமா இல்லை. நிலமும் இல்லாமல், படிப்பும் தாமதமாக வந்த குடும்பத்தில் அவர் எங்கிருந்து வருவார்? இல்லாத மாமாவைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். சமூகவியல் வகுப்பில் இதைச் சமூக மூலதனம் என்று படித்தோம். தெருவில் அது ரசீது இல்லாத 94,600 ரூபாய்.

காரைக்காலுக்கு இது பழைய தொழில். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியனுக்குக் கப்பல் போனது. 1853இலிருந்து மார்த்தினிக்குக்கும் அடுத்த ஆண்டிலிருந்து குவாதலூப்புக்கும் போனது. 1861இல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தம் வந்த பிறகு, பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த ஊர்களிலும் வெளிப்படையாக ஆள் பிடித்தார்கள். குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. ஐந்தாண்டு ஒப்பந்தம். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தவருக்கு மேஸ்திரி என்று பெயர். பிடித்துக் கொடுத்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. கப்பல் ஏறியவர்களில் பண்ணையடிமையாக இருந்த நம் முன்னோர்கள் ஏராளம். மேஸ்திரி ஏமாற்றுக்காரர்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று மேஸ்திரிக்குத் தோட்டக்காரர் பணம் கொடுத்தார். போகிறவர் கையில் கொஞ்சம் முன்பணமாவது விழுந்தது. இன்று அந்தக் காசையும் போகிறவரே கொடுக்கிறார். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை (1997) வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை.

பாஸ்போர்ட் பற்றி மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. இங்கே ஈ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் வரும் முத்திரை அது. அந்த முத்திரை உள்ளவர் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தை அவர்கள் பார்ப்பார்கள். 10 லட்சம் ரூபாய் காப்பீடு கட்டாயம். இந்த வழியைத் தவிர்க்கத்தான் ஏஜென்டுகள் விசிட் விசாவில் அனுப்புகிறார்கள். 30 வயதுக்குக் கீழ் உள்ள பெண்களுக்கு இந்த முத்திரையோடு அனுமதியே கிடையாது. வீட்டுவேலைக்குப் போகும் நம் பெண்களை விசிட் விசாவில் தள்ளிவிடுவது இதனால்தான். அங்கே என்ன நடந்தாலும் இங்கே அரசாங்கத்தின் ஏட்டில் அவர்கள் பெயர் இருக்காது.

2022 செப்டம்பரில் நம் பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்து இளைஞர் ஒருவர், சொன்ன வேலை ஒன்று, போன பின் ஒட்டகம் மேய்க்கும் வேலை ஒன்று என்று குவைத்தில் மாட்டிக்கொண்டு, போன சில நாட்களிலேயே கொல்லப்பட்டார். அதே ஆண்டில்தான் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் மியான்மரின் மியாவாடியில் இணையமோசடிக் கும்பலிடம் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆகவே 'படிக்காததுகள் ஏமாறுது' என்று யாராவது ஆரம்பித்தால், தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள்.

காரைக்காலுக்கு இன்னொரு தொல்லை. மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஆனால் நாம் புதுச்சேரி. தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நலத் திட்டங்கள் தமிழ்நாட்டவருக்கானவை. ஏஜென்ட் எல்லைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தால், எந்தக் காவல் நிலையம் புகாரை வாங்குவது என்பதிலேயே ஒரு மாதம் போய்விடுகிறது. புதுச்சேரி ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான பாட்கோ, ரசீதோடு கட்டும் இந்த 35,400 ரூபாயைக் குறைந்த வட்டியில் கடனாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுவருகிறோம். குழு லோன் வட்டியில் மாட்டாமல் இருந்தாலே எங்கள் பிள்ளை சம்பளத்தில் பாதியாவது வீடு வந்து சேரும்.

சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. பதிவில்லாமல் ஆள் எடுத்தால் 24ஆம் பிரிவின்கீழ் இரண்டாண்டு வரை சிறை. அபராதம் 2,000 ரூபாய் வரை. (ஆம், இரண்டாயிரம்தான்.) வழக்குத் தொடர மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவருக்காக அப்பா, அம்மா, மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணிலும் முறையிடலாம்.

இந்த விதியை வைத்து இப்போது ஒரு அம்மா புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். மகன் விசிட் விசாவில் போய், வேலை இல்லாமல் நாற்பது நாளில் திரும்பியவர். கட்டியது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ரசீது கிடையாது, வாட்ஸ்அப்பில் "பணம் வந்துச்சு" என்று ஏஜென்ட் அனுப்பிய குரல் பதிவு மட்டும் இருக்கிறது. அதை அந்த அம்மா அழிக்காமல் வைத்திருந்தார். புகார் போனது தெரிந்ததும் பாதிப் பணம் தருகிறேன் என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார். வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பிவிட்டார் அம்மா. முழுசும் வேண்டுமாம், வட்டியோடு.